குறைத்து எழுதிய கிலோக்கள்

எடை மேடையில் ஏறுவதற்கு முன்னால் பெண்கள் எதையெல்லாம் கழற்றுவார்கள் என்று அவளிடம் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்வாள். செருப்பு, கைப்பை, கைக்கடிகாரம், சாவிக்கொத்து. ஒருத்தி தலையிலிருந்த ஆறு ஹேர்பின்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாளாம். இன்னொருத்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மேடை எங்கே என்று தெரியாமல் காலால் தடவினாளாம். ஏறிய பிறகு எல்லோரும் செய்வது ஒன்றுதான். மூச்சை வெளியே விட்டுவிட்டு, திரும்ப இழுக்காமல் நிற்பார்கள்.

“மூச்சுக்கும் எடை உண்டாக்கா?”

“முதல்ல மூச்சை விடும்மா. நீ மயங்கி விழுந்தா நான்தான் தூக்கணும். அப்போ தெரிஞ்சிடும் உன் எடை.”

பெண்களுக்கான அந்த மருத்துவ நிலையத்தில் அவளுக்கு முள்ளக்கா என்று பெயர். எடை எந்திரத்தின் தூண் உச்சியில் வட்டமான ஒரு முகம், அதில் ஒரு கறுப்பு முள். அந்த முகம் ஏறி நிற்பவளைப் பார்க்காது, எதிரே உட்கார்ந்திருக்கும் முள்ளக்காவைத்தான் பார்க்கும். முள் நிற்கும் எண்ணைப் படித்து, உரக்கச் சொல்லி, அட்டையில் எழுதுவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே நாற்காலி. வயது நாற்பத்தொன்று, இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்.

எடை அறை இரண்டாவது மாடியில் இருந்தது. ஜன்னலுக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், இருபது மாடிக்கு மேல் கண்ணாடியாலேயே கட்டிய ஒரு கட்டடம். மத்தியானத்துக்கு மேல் அந்தக் கண்ணாடிகளில் பட்ட வெயில் திரும்பி வந்து எடை அறைச் சுவரில் விழும். அந்த அறைக்கு ஒரு நாளில் இரண்டு வெயில். இரண்டாவது வெயில் சும்மா நிற்காது, தண்ணீர் போல அசையும். எதிரே கயிற்றில் கட்டிய பலகையில் உட்கார்ந்து யாராவது கண்ணாடி கழுவிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கை போகிற போக்கில் வெளிச்சம் சுவரில் நீந்தும். வரிசை ஓய்ந்த நேரத்தில் முள்ளக்கா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு உயரத்தில் தொங்குகிறவர்களுக்கு எடை என்று ஒன்று இருக்கும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

கர்ப்பம் தரிக்காமல் இருக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசிக்கு வருகிறவர்களை மட்டும் எடை பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. ஊசிக்கு முன் எடை, பிறகு டாக்டர், பிறகு நர்ஸ். காப்பர்-டி வைத்துக்கொண்டவர்களை யாரும் எடை பார்ப்பதில்லை. மாத்திரை வாங்குகிறவர்கள் ஜன்னலிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த விதியை எழுதியது யார், ஏன் எழுதினார்கள் என்று பதினோரு வருடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. நல்ல கை. இரண்டு மணி நேரத்தில் முப்பது பேரைப் பார்க்க வேண்டிய நெருக்கடி, அதனால் வந்த எரிச்சல். எடை கூடியிருந்தால் வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரி அட்டையைப் படிப்பார்.

“எழுபத்திரண்டு! வீட்ல எல்லார் சாப்பாட்டையும் நீயே சாப்பிட்டுடறியா?”

வரிசை சிரிக்கும். திட்டு வாங்கியவளும் சேர்ந்து சிரிப்பாள். அப்படிச் சிரித்தவர்களில் ஒருத்தி, பள்ளிக்கூட வாசலில் பேனா பென்சில் விற்பவள், அடுத்த ஊசிக்கு வரவில்லை. ஐந்து மாதம் கழித்து, நாலாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு வந்தாள்.

“ஏம்மா வரலை?” என்று முள்ளக்கா கேட்டாள்.

“அத்தனை பேர் முன்னாடி பேச்சு வாங்கறதுக்கு வீட்லயே இருந்துடலாம்னு தோணிச்சுக்கா. இருந்துட்டேன்.”

ஒரு வாக்கியம் ஒரு பெண்ணின் அடுத்த இருபது வருடத்தைத் தீர்மானித்துவிட்டது. மருந்து கொடுக்கிற இடத்திலேயே அவமானத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த மருந்தால் யாருக்கு என்ன பயன்? முள்ளக்கா இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் அவள் வேறொன்று செய்தாள். மறுநாள் முதல், எடை கூடியவர்களுக்கெல்லாம் குறைத்து எழுத ஆரம்பித்தாள்.

முள் அறுபத்தாறில் நிற்கும். “அறுபத்திமூணு” என்பாள். ஏறி நின்றவள் மூச்சை இழுத்துவிட்டுச் சிரிப்பாள். டாக்டரம்மா அட்டையைப் புரட்டிவிட்டு, “ம், போ” என்பார். அவ்வளவுதான். யாருக்கும் நஷ்டமில்லை. ஊசிக்கு வராமல் நிற்பவர்கள் குறைந்தார்கள்.

ஆனால் பொய் சொல்கிறவளுக்கு ஞாபகம் வேண்டுமே. முதல் வருடம் எவ்வளவு குறைத்தோம் என்பது மறந்துபோய், ஒருத்திக்கு மூன்று மாதத்தில் ஏழு கிலோ கூடியதாக எழுதி மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். அதற்குப் பிறகு எண்ணுக்குப் பக்கத்தில் பேனாவால் புள்ளி வைக்கத் தொடங்கினாள். குறைத்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு புள்ளி. அறுபத்திமூன்று, பக்கத்தில் மூன்று புள்ளி. பார்க்கிறவர்கள் மை சிந்தியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

மத்தியான வெயில் சுவரில் நீந்தும்போது அவளுக்கு ஒரு யோசனை வரும். குறைத்த கிலோ எல்லாம் எங்கே போயிற்று? எடை என்பது இல்லாமல் போகிற சாமான் இல்லையே. இங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும். பீரோவுக்குப் பின்னால், மேடைக்கு அடியில், பஞ்சு போல மெத்தென்று ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியபடி. சில நாள் அறைக்குள் நுழையும்போதே காற்று கனமாக இருப்பது போலத் தோன்றும். ஜன்னலைத் திறந்துவிடுவாள். அவை ஒவ்வொன்றாக எழும்பி, தெருவைத் தாண்டி, கண்ணாடிக் கட்டடத்தின் மேலே மிதந்து போகிற மாதிரி இருக்கும். அவளே சிரித்துக்கொள்வாள். சிரித்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிடுவாள்.

அந்த நாட்களில்தான் டாக்டரம்மா பழைய அட்டைகளையெல்லாம் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தார். படித்து முடித்து, தன் கையாலேயே பெரிதாக எழுதி வாசலில் ஒட்டினார்: ‘ஊசியால் எடை கூடாது. எங்கள் அட்டைகளே சாட்சி.’

முள்ளக்கா தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போனாள். முதல் வாரம் தலையைக் குனிந்துகொண்டு போனாள். இரண்டாவது வாரம் பழகிவிட்டது.

*

கண்ணாடிக்காரி ஐந்தாவது ஊசிக்கு வந்த நாளில் மேடையில் ஏறவே அவளுக்கு மனசில்லை. முப்பது வயது, வெயிலில் கறுத்த முகம், தோளில் கயிறு உரசிய தழும்பு. எதிர்க் கட்டடத்தில் தொங்குகிறவர்களில் அவளும் ஒருத்தி. வந்த முதல் நாளே சொல்லியிருந்தாள்: “உங்களை நான் தினம் பாக்கறேன்கா. பதினாலாவது மாடியிலேர்ந்து உங்க ஜன்னல் தெரியும். மத்தியானம் சுவரையே பாத்துட்டு உக்காந்திருப்பீங்க.”

இன்று பேச்சில்லை. ஏறி நின்றாள். முள் அறுபத்தொன்பதில் நின்றது.

“அறுபத்திமூணு” என்றாள் முள்ளக்கா. எழுதி, பக்கத்தில் ஆறு புள்ளி வைத்தாள்.

கண்ணாடிக்காரி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அட்டையை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனாள். கதவு திறந்தே இருந்தது. பேச்சு முழுவதும் எடை அறைக்குக் கேட்டது.

“டாக்டரம்மா, எனக்கு ஊசி வேணாம். காப்பர்-டி வெச்சு விடுங்க. உடம்பு ஏறிட்டே போகுது.”

“எங்கே ஏறுது? முதல் ஊசி போட்டப்ப அறுபத்தொண்ணு. இப்போ அறுபத்திமூணு. ஒரு வருஷத்துல ரெண்டு கிலோ. இதுக்குப் பேரு ஏறறதா?”

“எங்க கம்பெனி மிஷின்ல அறுபத்தொம்பது காட்டுது. போன வாரம்தான் ஏத்திப் பாத்தாங்க. எழுபதைத் தாண்டினா பலகையில உக்கார விடமாட்டாங்க. அந்தப் பலகை, கயிறு எல்லாம் எழுபது கிலோ ஆளுக்குன்னு அளந்து செஞ்சது. அடுத்த தடவை மூணு மாசத்துல பாப்பாங்க.”

“கம்பெனி மிஷின் கெட்டுப்போயிருக்கும். காப்பர்-டி வாரத்துக்கு எட்டு பேருக்குத்தான் வைக்க முடியும். ஆறு மாசத்துக்கு ஆள் பேர் கொடுத்துட்டுக் காத்திருக்காங்க. அஞ்சு கிலோவுக்கு மேல கூடினவங்களைத்தான் முன்னாடி எடுப்பேன். உனக்கு அந்தக் காரணம் இல்லையே.”

“மாத்திரையும் சேரலை. போட்டா தலைவலியோட கண்ணுல மின்னல் மாதிரி வெட்டுது. அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு எப்படி மேலே தொங்கறது?”

“அது சரி, உனக்கு அந்த மாத்திரை கூடாது. உன் வீட்டுக்காரர்?”

“உறை போட மாட்டாராம். மூச்சு முட்டுதாம்.”

அந்தச் சின்ன ரப்பர் யார் எடையையும் கூட்டாது, யார் கண்ணிலும் மின்னலை வெட்டாது. உலகத்தில் பாதிப் பேர் அதை ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ள மாட்டார்களாம். அதற்காக மறுபாதிப் பேர் ஊசி, மாத்திரை, கம்பி என்று தங்கள் உடம்பையே மாற்றி மாற்றிப் பூட்டிக்கொள்ள வேண்டுமாம்.

“பத்து நாள் வரைக்கும் ஊசி தள்ளிப் போகலாம். யோசிச்சுட்டு வா” என்றார் டாக்டரம்மா.

கண்ணாடிக்காரி திரும்பி எடை அறைக்கு வந்தாள். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் அட்டை.

“அக்கா, உங்க மிஷின்ல ஏதாவது கோளாறா?”

முள்ளக்கா அடுத்த அட்டையைத் தேடுகிற மாதிரி குனிந்தாள்.

“இல்லம்மா. சரியாத்தான் இருக்கு.”

“அப்போ என் கண்ணுலதான் கோளாறு. பேன்ட் இடுப்புல ஏற மாட்டேங்குது. அதையும் நான் கற்பனை பண்றேன் போல” என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் முள்ளக்கா வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மனிதர் தரையில் உட்கார்ந்து, பழுதான ஒரு லிஃப்ட் பொத்தானைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

“எத்தனை கிலோ குறைச்சு எழுதினே?”

“அவளுக்கு ஆறு.”

“கயித்துக்குச் சொல்லிட்டியா?”

“என்னப்பா கிண்டல் பண்றே?”

“கிண்டல் இல்லம்மா. எங்க லிஃப்டுல ஆள் அதிகமா ஏறினா கூவும், கதவு மூடாது. எல்லாரும் அதைத் திட்டுவாங்க. குண்டா இருக்கறவன் முகம் சுருங்கிடும். பாவமா இருக்கேன்னு அந்த மணியை நான் கழட்டி வெச்சா எப்படி? பாவம் பாத்த மாதிரியும் இருக்கும், லிஃப்டு கீழே விழற மாதிரியும் இருக்கும்.”

“நான் அவங்களைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்.”

“திட்டுலேர்ந்து காப்பாத்தினே. திட்டறவங்களை அல்லவா நிறுத்தச் சொல்லியிருக்கணும்?”

அவர் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். அதில் பச்சை வெளிச்சம் வந்து போனது.

மறுநாள் மத்தியானம் அவள் சுவரைப் பார்க்கவில்லை. பீரோவைத் திறந்து ஊசி அட்டைகளை மேசையில் கொட்டி, புள்ளிகளை எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு அட்டை. கடைசியாக எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளிகளை மட்டும் கூட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு. இத்தனை நாள் பீரோவுக்குப் பின்னால் பஞ்சு போலக் கிடப்பதாக நினைத்த கிலோக்கள் அங்கே இல்லை. அவை ஒருநாளும் இந்த அறையில் இருந்ததில்லை. வீடு கூட்டும்போதும், படி ஏறும்போதும், பதினாலாவது மாடியில் கயிற்றில் தொங்கும்போதும் அந்தந்தப் பெண்ணின் உடம்பிலேயே இருந்தன. அட்டையில் மட்டும்தான் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தாள். புள்ளிகள் எல்லா அட்டையிலும் ஒரே மாதிரி இல்லை. பாதிக்கு மேற்பட்ட அட்டைகளில் ஒன்றோ இரண்டோதான், சிலவற்றில் ஒன்றுமே இல்லை. ஆனால் முப்பது முப்பத்தைந்து அட்டைகளில் முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே எறும்பு வரிசை போல மொய்த்திருந்தன. அப்படி ஆரம்பித்தவை பிறகும் ஏறிக்கொண்டே போயின. கண்ணாடிக்காரி அட்டை அதில் ஒன்று: மூன்று, நான்கு, ஆறு, ஆறு.

அட்டைகளை மடியில் அள்ளிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள்.

“இது என்ன?”

“புள்ளி டாக்டரம்மா. நான் வெச்சது. ஒரு புள்ளிக்கு ஒரு கிலோ. நான் குறைச்சு எழுதினது.”

டாக்டரம்மா முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் முகம் சிவந்தது. இரண்டு அட்டையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

“எத்தனை வருஷமா?”

“ஏழு. முதல் வருஷம் புள்ளி வைக்கலை. அது போனது போனதுதான்.”

“நீ என்ன செஞ்சிருக்கேன்னு தெரியுதா? இதை நம்பி எத்தனை பேர்கிட்ட உனக்கு எடையே கூடலைன்னு சொல்லியிருக்கேன். வாசல்ல எழுதி ஒட்டியிருக்கேன்!”

“தெரியும். தினம் பாத்துட்டுத்தான் உள்ளே வர்றேன்.”

“ஏன் செஞ்சே?”

முள்ளக்கா பேனா விற்பவளைப் பற்றிச் சொன்னாள். அன்று டாக்டரம்மா சொன்ன வாக்கியத்தையும் ஒரு எழுத்து மாறாமல் திருப்பிச் சொன்னாள்.

டாக்டரம்மா சும்மா விடுகிறவர் இல்லை. “சரி, கூடியிருக்கு. ஊசியாலதான்னு எப்படிச் சொல்றே? காப்பர்-டியில மருந்தே கிடையாது, வெறும் செம்புக் கம்பி. அதை வெச்சவங்களும்தான் குண்டாகறாங்க. உன்னையே எடுத்துக்கோ. எத்தனை வருஷமா வெச்சிருக்கே?”

“ஏழு வருஷம்.”

“ஏறியிருக்கியா இல்லையா?”

“தெரியாது டாக்டரம்மா. என்னை யாரும் எடை பாத்ததில்லை. அவங்க யாரையுமே நாம பாத்ததில்லையே. அப்புறம் எதோட எதை ஒப்பிடறது?”

டாக்டரம்மா படித்தவர். ஒரு கேள்வி சரியான கேள்வியா இல்லையா என்று அவருக்குத் தெரியும். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்தக் கேள்வியை மேசையிலிருந்து தள்ளிவிட அவருக்குக் கை வரவில்லை. கண்ணாடிக்காரி அட்டையைத் தனியாக எடுத்து, புள்ளிகளைப் பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“எட்டு கிலோ” என்றார். பிறகு, “செவ்வாய்க்கிழமை வரச் சொல்லு. உனக்கு மெமோ வரும்.”

“வரட்டும்.”

*

செவ்வாய்க்கிழமை கண்ணாடிக்காரி வந்தாள். உள்ளே போவதற்கு முன் முள்ளக்கா அவளை நிறுத்தி, நடந்ததைச் சொன்னாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல மனசுதான்கா உங்களுக்கு. ஆனா உங்க இரக்கத்தையும் சேத்துத்தான் அந்தக் கயிறு தூக்கிட்டு இருந்திருக்கு.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

காப்பர்-டி வைத்தார்கள். மாதத்தில் இரண்டு நாள் உதிரப்போக்கு அதிகமாக இருக்கும், கவலைப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். உடம்பு இளைக்குமா என்று கண்ணாடிக்காரி கேட்டதற்கு டாக்டரம்மா, “தெரியாது. இதுல மருந்து இல்லை, அதனால இது ஏத்தாது. ஏறினது இறங்குமான்னு நீயும் நானும் சேந்துதான் பாக்கணும்” என்றார். அவர் வாயிலிருந்து தெரியாது என்ற சொல்லை நர்ஸ் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாளாம்.

முள்ளக்காவுக்கு மெமோ வந்தது. இரண்டு மாதம் எடை அறையிலிருந்து மாற்றி, துணிகளைக் கொதிநீரில் போடும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஜன்னல் இல்லை, ஆவி மட்டும்தான். அவள் திரும்பி வந்தபோது எடை மேடையைச் சுற்றித் திரை தொங்கியது. தூணைத் திருப்பி வைத்திருந்தார்கள். இப்போது முள், ஏறி நிற்பவளுக்கும் தெரியும். எண்ணை யாரும் உரக்கச் சொல்லக் கூடாது என்று புது விதி. காப்பர்-டி, மாத்திரை, ஊசி, யார் வந்தாலும் எடை பார்க்க வேண்டும் என்பது இன்னொரு விதி.

அன்று திரைக்குள் முதலில் ஏறியவள் முள்ளக்காதான். செருப்பைக் கழற்றினாள். சாவிக்கொத்தை வைத்தாள். தன்னையறியாமல் மூச்சை வெளியே விட்டாள். அறுபத்தேழு. ஏழு வருடத்துக்கு முன் எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. எழுதினாள். இனிமேல் தெரியும்.

வாசலில் இருந்த தாளைக் கிழித்துவிட்டு, புதிதாக ஒன்று ஒட்டியிருந்தார் டாக்டரம்மா: ‘ஊசி போட்டுக்கொள்பவர்களில் சிலருக்கு எடை வேகமாகக் கூடலாம். பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திலேயே தெரியும். கூடினால் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம். வயது ஏற ஏற எல்லோருக்குமே கொஞ்சம் கூடும்.’ ‘எங்கள் அட்டைகளே சாட்சி’ என்ற வரி அதில் இல்லை. மன்னிப்பும் இல்லை. பேனா விற்பவளின் நாலாவது பிள்ளை அதற்குள் நடக்க ஆரம்பித்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அதை எந்தத் தாளாலும் திருத்த முடியாது.

கம்பெனியில் எடை பார்க்கிற நாள் முள்ளக்காவுக்கு ஞாபகம் இருந்தது. அன்று காலையிலிருந்து அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கட்டடம் வெறுமையாக நின்றது. கயிறு இல்லை, பலகை இல்லை. வரிசையில் இருந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். மத்தியானமானது. இரண்டாவது வெயில் சுவரில் வந்து விழுந்தது. ஆனால் அசையவில்லை. ஆணியடித்த துணி போல அப்படியே கிடந்தது.

எழுபதைத் தாண்டியிருப்பாளோ? கீழே வாளி கழுவுகிற வேலை கொடுத்திருப்பார்களோ? போகச் சொல்லியிருப்பார்களோ?

“அக்கா, ஏறட்டுமா?” என்று திரைக்குள்ளிருந்து ஒரு குரல்.

“ஒரு நிமிஷம் இரும்மா.”

சுவரில் வெளிச்சம் நடுங்கியது. முள்ளக்கா திரும்பினாள். மொட்டை மாடி விளிம்பிலிருந்து ஒரு பலகை மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு சின்ன உருவம், கால் இரண்டும் காற்றில். பதினாலாவது மாடியில் பலகை நின்றது. உருவம் கையை உயர்த்தி, கண்ணாடி முழுவதும் சோப்பு நுரையைப் பூசியது. வெள்ளைத் துணி விரித்த மாதிரி ஆனது. பிறகு, நுரையின் மேல் கையால், தெரு முழுவதற்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக எழுதியது.

68.

முள்ளக்கா அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கூர்ந்து பார்த்தாள். புள்ளி எதுவும் இல்லை.

எதிரே ரப்பர் துடைப்பான் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தது. எண் போயிற்று. கழுவிய கண்ணாடியில் வானம் வந்து உட்கார்ந்தது. எடை அறைச் சுவர் முழுக்க வெளிச்சம் நீந்தியது.

“இப்போ ஏறும்மா” என்றாள் முள்ளக்கா. “மூச்சை இழுத்துக்கிட்டே ஏறு. அதுக்கு எடை கிடையாது.”